முடியாத நாவலைப் பற்றி என்ன சொல்லலாம்? மிகுபுனைவுக் காதல் கதையை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு நாவலை முழுவதும் படித்து, மூடி வைத்து, சற்றே விலகி நின்று எழுதுவது மதிப்புரை. நாவல் இன்னும் கையில் இருக்கும்போது, பாதியிலோ முக்கால் வழியிலோ, வாசகரின் மனத்தில் எழுந்து மாறிக்கொண்டே இருக்கும் எண்ணங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. இவற்றை இடைவாசிப்பு மனப்பதிவு என்று இக்கட்டுரையில் அழைப்போம். புதிதாக எழுத வருபவர்களில் பலர், முழுவதும் படிக்காமல் எதையும் சொல்லக்கூடாது என்ற தயக்கத்தால் இவற்றை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், முதல் நூறு பக்கங்களை வைத்துக்கொண்டு முழு நாவலுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த மனப்பதிவு எதைப் பற்றியது என்று தெளியாததால்தான் இரண்டும் நேர்கின்றன. நாவல் அதுவரை என்னென்ன வாக்குறுதிகளைக் கொடுத்திருக்கிறது, வாசகர் அவற்றில் எவற்றை நம்பியிருக்கிறார், எவற்றைச் சந்தேகிக்கிறார் என்பதே அதன் பொருள். கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் இந்த நிலை கலைந்துவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை அப்படியே மீட்க முடியாது.

இதைப் புரிந்துகொள்ள மிகுபுனைவுக் காதல் நாவலைவிடப் பொருத்தமான வகை அமைவது அரிது. ஃபேன்டசி ரொமான்ஸ் என்றும், 2020களில் பரவலான சொல்லாகிவிட்ட ரொமான்டசி என்றும் அழைக்கப்படும் இந்த வகை, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குறுதிகளை ஒரே நேரத்தில் கொடுக்கிறது. காதல் நாவலுக்கு அமெரிக்கக் காதல் புனைவு எழுத்தாளர் சங்கம் வகுத்த வரையறையில் இரண்டே கூறுகள் உண்டு: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவையும் நம்பிக்கையையும் தர வேண்டும். அதாவது, முதல் பக்கத்தைத் திறக்கும்போதே இருவரும் சேர்வார்கள் என்பது வாசகருக்குத் தெரியும். மிகுபுனைவோ அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. அங்கே நகரங்கள் எரியலாம், நல்லவர்கள் சாகலாம், போரில் தோற்கலாம், உலகத்தின் விதிகளே தலைகீழாகலாம். ஆகவே இந்த வகை நாவலைப் பாதி படித்திருக்கும் வாசகர், ஒரு கண்ணால் உறுதியையும் மறு கண்ணால் அச்சத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த இரட்டைப் பார்வை படிக்கும் காலத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

வாசிப்பு என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பார்வை என்று விளக்கியவர் ஜெர்மானிய இலக்கியக் கோட்பாட்டாளர் வோல்ஃப்காங் இசர். 1976இல் வெளிவந்த தம் நூலில் அவர் சொல்லும் கருத்தை எளிமையாக இப்படிச் சுருக்கலாம்: ஓர் ஓவியத்தை ஒரே பார்வையில் முழுவதுமாகக் காண முடிவதுபோல ஒரு நாவலைக் காண முடியாது, வாசகர் அதற்கு உள்ளேயே பயணம் செய்கிறார். ஒவ்வொரு வாக்கியமும் இனி வரப்போவதைப் பற்றி ஓர் எதிர்பார்ப்பை எழுப்புகிறது. அடுத்த வாக்கியம் அந்த எதிர்பார்ப்பைத் திருத்துகிறது. திருத்தும்போது முன்பு படித்ததன் பொருளும் பின்னோக்கி மாறுகிறது. நாயகன் இரண்டாம் அத்தியாயத்தில் கதவைப் பூட்டிவிட்டுச் சென்றது கொடுமையாகத் தோன்றியிருக்கும். ஒன்பதாம் அத்தியாயத்தில் வெளியே என்ன நடமாடியது என்று தெரியும்போது அதே செயல் பாதுகாப்பாக மாறிவிடும். மனப்பதிவு என்பது இப்படி முன்னும் பின்னும் இழுபடும் எதிர்பார்ப்புகளின் ஒரு கணநேர நிலை. எனவே "எட்டாம் அத்தியாயம் வரை எனக்கு இப்படித் தோன்றியது" என்று எழுதும் வாசகர், பின்னால் அதற்கு மாறாகக் கதை திரும்பினாலும் தவறு செய்தவர் ஆகமாட்டார். அந்த இடத்தில் நாவல் அவரை அப்படித்தான் நினைக்க வைத்தது.

அந்தக் கணநேர நிலையைச் சொற்களில் பிடிப்பது எப்படி? "நன்றாக இருக்கிறது", "விறுவிறுப்பாகப் போகிறது" என்பவை எந்த நாவலுக்கும் பொருந்தும் என்பதால் எதையும் சொல்லாதவை. இங்கே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கைகொடுக்கிறது. அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது மெய்யில் வெளிப்படும் உள்ளத்துணர்வுகளில், இரண்டு இவ்வகை நாவலுக்கென்றே வகுத்தவைபோல் அமைந்திருக்கின்றன: மருட்கை என்னும் வியப்பு, உவகை என்னும் மகிழ்ச்சி. மருட்கை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது நூல்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாத ஒன்று, அளவில் மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று வேறொன்றாக மாறுவது என்று இவற்றை விரித்துக்கொள்ளலாம். உவகைக்கும் நான்கு நிலைக்களங்கள்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புலன் என்பதற்கு அறிவு என்றே உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள்.

இந்த எட்டுச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பார்த்தால், மங்கலாக இருந்த எண்ணம் சட்டென்று வடிவம் பெறுகிறது. இந்த நாவலின் வியப்பு முழுவதும் பெருமையிலிருந்தே வருகிறதா? வானளாவிய கோட்டை, ஆயிரம் அடி உயரக் கோபுரம், எல்லையற்ற படை என்று அளவை மட்டுமே நம்பும் கதை நூறாம் பக்கத்துக்குள் களைத்துவிடும் என்பது என் கருத்து. விரல் நுனியில் எரியும் ஒரு சிறிய சுடர், சொல் கேட்டால் திசை மாறும் ஒரு முள் போன்ற சிறுமையின் வியப்பும், மனிதர் பறவையாவது போன்ற ஆக்கத்தின் வியப்பும் கூடவே வேண்டும். காதல் பக்கமும் அப்படித்தான். இருவரும் நெருங்கும் காட்சிகள் எல்லாம் புணர்வையே சார்ந்திருக்கின்றனவா, ஒருவர் அறிவை மற்றவர் ரசிக்கும் இடங்களும் சீண்டி விளையாடும் இடங்களும் இருக்கின்றனவா என்று கேட்டுப்பார்க்கலாம். இவ்வகை நாவல்களில் பாதி வழியில் ஏற்படும் சலிப்புக்குப் பெரும்பாலும் விளையாட்டு இல்லாமையே காரணம். இருவரும் எப்போதும் உலகைக் காப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்பது வாசகருக்குப் பிடிபடுவதே இல்லை.

அடுத்து, வாக்குறுதி என்ற சொல்லைச் சற்று விரிக்க வேண்டும். ஒரு நாவலை நாமே கற்பனை செய்துகொள்வோம். தலைவி நிலப்படம் வரைபவள். தலைவன் அவள் நாட்டோடு பகை கொண்ட அண்டை நாட்டின் எல்லைக் காவலன். அவனிடம் மாய ஆற்றல் உண்டு. ஆனால் அதை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் அவன் ஒரு நினைவை இழப்பான், எந்த நினைவு போகும் என்பது அவன் கையில் இல்லை. இந்த விதி ஐந்தாம் அத்தியாயத்தில், வேறு ஏதோ பேச்சின் இடையே, போகிறபோக்கில் சொல்லப்படுகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவள் காயமுற, அவன் மாயத்தால் அவளைக் குணப்படுத்துகிறான். மறுநாள் காலையில், அவர்கள் முதன்முதலில் சந்தித்துச் சண்டையிட்டதை அவள் சிரித்துக்கொண்டே குறிப்பிடும்போது, அவன் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கும் வாசகரிடம் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாவல் ஒரு விதியைச் சொன்னது. அந்த விதி வெறும் அலங்காரமாக நிற்காமல் காதலுக்கு நேரான தடையாகவே மாறிவிட்டது. இனி அவன் அவளைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அவளைச் சிறிது சிறிதாக மறப்பான். காதல் கதையின் உறுதி, இருவரும் சேர்வார்கள் என்கிறது. மாயத்தின் விதி, சேரும்போது அவனுக்கு அவள் யாரென்றே தெரியாமல் போகலாம் என்கிறது. பாதியில் எழுதும் மனப்பதிவின் சாரம் இந்தக் கேள்விதான். என்னைப் பொறுத்தவரை, ஒரு மிகுபுனைவுக் காதல் நாவல் நல்ல தடத்தில் போகிறதா என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை: உலகத்தின் விதியும் காதலின் தடையும் ஒன்றாக இருக்கின்றனவா, அல்லது இரண்டும் தனித்தனியே ஓடுகின்றனவா? இரண்டும் தனித்தனி என்றால், மாயத்தை நீக்கிவிட்டாலும் அதே காதல் அப்படியே நிற்கும். அப்போது மாயம் வெறும் ஆடை அலங்காரம்தான்.

மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் முன்வைத்த ஒரு விதி இங்கே உதவும். ஒரு சிக்கலை மாயத்தின் துணைகொண்டு வாசகர் ஏற்கும்படி எழுத்தாளர் எந்த அளவுக்குத் தீர்க்க முடியும் என்பது, அந்த மாயத்தை வாசகர் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்கிறார் அவர். நம் கற்பனை நாவலில் முடிவுக்கு இரண்டு பக்கங்கள் இருக்கும்போது, இழந்த நினைவுகளையெல்லாம் மீட்டுத்தரும் ஓர் ஊற்று திடீரென்று தோன்றினால் வாசகர் ஏமாற்றமடைவார். அதே ஊற்றைப் பற்றிய ஒரு வதந்தி மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்திருந்து, அதன் நீரைக் குடிப்பவர் ஈடாக ஏதோ ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட்டிருந்தால் கதை வேறு. அதனால் பாதி வழியில் நிற்பவர், இதுவரை எனக்குத் தெரிந்த விதிகள் எவை, அவற்றின் விலை என்ன, விளக்கப்படாமல் விடப்பட்டவை எவை என்று குறித்துக்கொள்வது பயனுள்ளது. பின்னால் முடிவு பிடிக்காமல் போனால், அது ஏன் பிடிக்கவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் குறிப்பிலேயே கிடைத்துவிடும்.

காதலின் பக்கம் இத்தகைய வரைபடம் ஒன்றை 2003இல் பமேலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் தந்தார். காதல் நாவலுக்கு இன்றியமையாத எட்டுக் கூறுகளை அவர் காட்டுகிறார்: காதலர்களைச் சூழ்ந்த சமூகத்தின் நிலை, சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளிப்படுத்துதல், இனிச் சேரவே முடியாது என்று தோன்றும் இருண்ட கட்டம், தடையை வெல்ல உதவும் உண்மை புலப்படுதல், மணவுறுதி. இவை எந்த வரிசையிலும் வரலாம். புதிய வாசகருக்கு இதில் முக்கியமானது ஆறாவது கூறு. ரெஜிஸ் அதைச் சாவின் சாயல் கொண்ட கட்டமாகவே பெயரிட்டிருக்கிறார். மிகுபுனைவில் அது உண்மையான சாவாகவே, அல்லது சாபமாக, உருமாற்றமாக வந்துவிடுவதும் உண்டு. இந்தக் கட்டம் இன்னும் வராத நிலையில், "எல்லாம் சுமுகமாகப் போகிறது, கதையில் விறுவிறுப்பு இல்லை" என்று முடிவுகட்டுவது அவசரம். அதேபோல் அந்தக் கட்டத்தின் நடுவே நின்றுகொண்டு "ஆசிரியர் காதலர்களைக் கைவிட்டுவிட்டார்" என்று சினங்கொள்வதும் அவசரமே. ஆனால் அந்தச் சினத்தைப் பதிவு செய்யலாம், செய்யத்தான் வேண்டும். அந்தக் காட்சி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அத்தகைய சினத்துக்குப் புகழ்பெற்ற ஒரு முன்னோடி உண்டு. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'கிளாரிசா' என்ற நீண்ட நாவல் 1747 டிசம்பரிலிருந்து 1748 டிசம்பர் வரை மூன்று தவணைகளாக வெளிவந்தது. முந்தைய தொகுதிகளைப் படித்துவிட்டுக் கடைசித் தொகுதிகளுக்காகக் காத்திருந்த வாசகர்கள், கதை துயரத்தில் முடியப்போகிறது என்று கேள்விப்பட்டு, நாயகியைக் காப்பாற்றுமாறு ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். பிராட்ஷே சீமாட்டி புனைபெயரில் எழுதிய மன்றாட்டுக் கடிதங்கள் அவற்றுள் பெயர் பெற்றவை. ரிச்சர்ட்சன் முடிவை மாற்றவில்லை. அந்நாவலில் மாயம் ஏதுமில்லை என்றாலும், இடைவாசிப்பு மனப்பதிவு என்பது என்ன என்பதற்கு அந்தக் கடிதங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. முழு நாவலையும் ஒரே நேரத்தில் கையில் பெறும் இன்றைய வாசகர் 'கிளாரிசா'வைப் பற்றி எவ்வளவு நுட்பமாக எழுதினாலும், நாயகி பிழைப்பாளா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பதற்றத்தை எழுத முடியாது.

மனப்பதிவு எப்போதும் நேர்மையான சாட்சி என்றும் சொல்லிவிட முடியாது. முதலில் கிடைக்கும் செய்திக்கு மனம் அதிக எடை கொடுத்துவிடுகிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரைப் பற்றிய ஆறு பண்புகளை ஒரு குழுவுக்கு அறிவாளி, உழைப்பாளி என்று தொடங்கிப் பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடியும் வரிசையில் சொன்னார். இன்னொரு குழுவுக்கு அதே பண்புகளைத் தலைகீழ் வரிசையில் சொன்னார். நல்ல பண்புகளை முதலில் கேட்டவர்களுக்கு அந்த மனிதர் மேல் ஏற்பட்ட எண்ணம், மற்றவர்களுக்கு ஏற்பட்டதைவிட நல்லதாக இருந்தது. 1979இல் மெனக்கெம் பெரி என்ற இலக்கிய ஆய்வாளர் இத்தகைய கண்டுபிடிப்புகளைக் கதை வாசிப்போடு பொருத்திக் காட்டினார்: கதையில் எது முன்னால் வருகிறது என்பதே பின்னால் வருவதன் பொருளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பகைவர் காதலராகும் கதைகள் மிகுபுனைவுக் காதல் நாவல்களில் ஏராளம். அவை முழுவதும் இந்த முதற்பதிவின் மீதே கட்டப்பட்டவை. முதல் சந்திப்பில் தலைவன் ஆணவக்காரனாகக் காட்டப்படுகிறான். பிறகு அவன் செய்யும் நல்லவற்றையெல்லாம் வாசகர் ஐயத்தோடு பார்க்கிறார். அந்த ஐயம் கரையும் வேகமே காதலின் வேகம். எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே அழகும் கனிவுமாக வரும் ஒருவன் பின்னர் செய்யும் கட்டுப்பாடுகளையும் மிரட்டல்களையும் வாசகர் நெடுநேரம் மன்னித்துக்கொண்டே போவார். பாதி வழியில் நின்று, "இந்தக் காட்சியில் இதையே வேறொரு பாத்திரம் செய்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேனா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வது, முதற்பதிவின் பிடியைச் சற்றுத் தளர்த்தும்.

முடித்த பிறகு எழுதிக்கொள்ளலாமே, எதற்கு இடையில் எழுத வேண்டும் என்ற கேள்விக்கும் உளவியலில் விடை இருக்கிறது. 1975இல் பரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பைத் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972இல் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் மேற்கொண்ட பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று முன்கூட்டியே மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள்; பயணம் முடிந்தபின், அன்று தாங்கள் கொடுத்த கணிப்புகளை நினைவுகூரச் சொன்னார்கள். நடந்துவிட்டதாகத் தாங்கள் நம்பியவற்றுக்கு, உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே மாணவர்கள் பொதுவாக நினைவுகூர்ந்தார்கள். நாவல் வாசகர் "அவன்தான் தொலைந்த இளவரசன் என்பது எனக்கு முதலிலேயே தெரியும்" என்று சொல்வது இதே போக்குத்தான். அவர் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்த மனம் பழைய ஐயத்தை அழித்துவிட்டது. இடையில் எழுதிவைத்த நான்கு வரிகள் இருந்தால், ஆசிரியர் மர்மத்தை உண்மையிலேயே மறைத்து வைத்திருந்தாரா என்பதை அவற்றைக் கொண்டு சோதிக்கலாம்.

நம்பிக்கை அறுபடும் இடங்களையும் குறித்துவைப்பது நல்லது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல், கதையின் பொருட்டு வாசகர் தம் அவநம்பிக்கையை விரும்பியே ஒதுக்கிவைக்கிறார் என்றார். 1939இல் ஆற்றிய ஓர் உரையில் மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கீன் அதை ஏற்கவில்லை. நன்றாகப் படைக்கப்பட்ட உலகத்துக்குள் வாசகர் உண்மையாகவே நம்புகிறார். அவநம்பிக்கையை ஒதுக்க முயல வேண்டிய நிலை வந்தால் அங்கே கலை தோற்றுவிட்டது என்பது அவர் வாதம். இவ்விரண்டில் டோல்கீன் சொல்வதே வாசக அனுபவத்துக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். டிராகன் பறப்பதை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் வாசகர், நேற்று வரை போரிட்ட இரு நாடுகள் ஒரே விருந்தில் சமாதானமாவதைப் படித்ததும் தலை நிமிர்ந்துவிடுகிறார். அப்படித் தலை நிமிர்ந்த இடம் எது என்பதைப் பின்னர் நினைவுகூர்வது கடினம்; அப்போதே அத்தியாய எண்ணோடு எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் தொடக்க அத்தியாயங்களில் இடப்பெயர்களும் குலப்பெயர்களும் குவிவதால் ஏற்படும் தடுமாற்றம் வேறு. அது பெரும்பாலும் தானே தெளியும்.

எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. எந்த அத்தியாயம் வரை படித்திருக்கிறோம் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத மனப்பதிவைப் படிப்பவர் எடைபோட முடியாது. உலகத்தைப் பற்றிய எண்ணத்தையும் காதலைப் பற்றிய எண்ணத்தையும் பிரித்து எழுதுவது நல்லது, ஏனெனில் ஒன்றின் மேலுள்ள மயக்கம் மற்றதன் குறையை எளிதில் மறைத்துவிடும். தொடர் நாவலாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை: முதல் தொகுதியில் தலைவனாகத் தோன்றுபவன் தொடரின் தலைவனாகவே இருப்பான் என்பதற்கு உறுதியில்லை, காதலின் நிறைவான முடிவும் கடைசித் தொகுதிவரை தள்ளிப்போகலாம். தீர்ப்புகளைவிடக் கேள்விகளும் கணிப்புகளும் மிகுந்திருக்கட்டும். "காதல் ஆழமற்றது" என்பதைவிட, "பதினைந்தாம் அத்தியாயம் வரை அவன் அவளிடம் அவளைப் பற்றி எதுவும் கேட்டதே இல்லை, இனியாவது கேட்பானா என்று பார்க்கிறேன்" என்பது படிப்பவருக்கு அதிகம் சொல்கிறது, எழுதியவருக்கும் மேலே படிக்க ஒரு காரணத்தைத் தருகிறது.

படிப்பதையே நிறுத்திவிட நேர்ந்தாலும் அந்தக் குறிப்பை எழுதிவிடலாம். அப்போது எழுதவேண்டியது, நாவல் எந்த வாக்குறுதியைக் கொடுத்தது, அது நிறைவேறும் என்ற நம்பிக்கை எந்தப் பக்கத்தில் போயிற்று என்பது மட்டுமே. அந்தப் பக்கத்துக்குப் பின் வருவதைப் பற்றி, நாவலைக் கைவிட்டவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.